அக்கா எனக்குச் சொல்லாத எட்டு மாதங்கள்

எங்கள் அக்கா மறைந்து இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. நினைவு நாளுக்கு வரும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் கொடுக்கும் இந்த மலரில் அக்காவைப் பற்றி நாலு பக்கம் எழுதும்படி சித்தப்பா சொன்னபோது, அது எளிதான வேலை என்றுதான் நினைத்தேன். உடன்பிறந்தவர்கள் நாங்கள் இரண்டே பேர். என்னைவிட அதற்கு உரியவர் யார் இருக்கிறார்கள்? எழுத உட்கார்ந்த பிறகுதான், அவருடைய கடைசி ஐந்து ஆண்டுகளில் பெரும்பகுதியை நான் பிறர் சொல்லித்தான் அறிந்திருக்கிறேன் என்பது உறைத்தது. தெரிந்ததைத் தெரிந்தபடி எழுதுகிறேன்.

கொட்டாம்பட்டிக்குப் பக்கத்து ஊரில் பிறந்தவர் அக்கா. எனக்குப் பத்து வயது மூத்தவர். அப்பா இறந்தபோது நான் இரண்டாம் வகுப்பு, அக்கா பிளஸ் டூ. அம்மா வயலைப் பார்த்துக்கொண்டார். அக்கா தினமும் பஸ்ஸில் மதுரைக்குப் போய்ப் பட்டப்படிப்பை முடித்து, மதுரையை ஒட்டிய நாகமலை புதுக்கோட்டையில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். சேர்ந்த அடுத்த ஆண்டே என்னையும் அழைத்து வந்து தன்னோடு வைத்துக்கொண்டார். என் மதிப்பெண் அட்டையில் பெற்றோர் கையெழுத்து இடும் இடத்தில் இருப்பதெல்லாம் அக்காவின் கையெழுத்துதான். பெண் கேட்டு வந்தவர்களிடம், தம்பி படிப்பு முடியட்டும் என்று சொல்லி அனுப்பினார். என் படிப்பும் முடிந்தது. அதன்பின் யாரும் கேட்டு வரவில்லை. அக்காவிடம் அதைப் பற்றி நானும் ஒருநாள் கூடப் பேசவில்லை. எனக்கு ஓசூரில் வேலை கிடைத்தது, கல்யாணமும் ஆனது. சில ஆண்டுகளில் அம்மாவும் போய்ச் சேர்ந்தார். அக்கா நாகமலை புதுக்கோட்டையில் தனியாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் போனில் பேசுவோம். என்ன சமையல், பையன் எப்படிப் படிக்கிறான், மழை பெய்ததா. பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை, அலுவலக வேலையாக மதுரை வந்தவன், வேலை சீக்கிரம் முடிந்ததால் சொல்லாமலே அக்கா வீட்டுக்குப் போனேன். வீடு பூட்டியிருந்தது. சனிக்கிழமை என்றால் அக்கா கோரிப்பாளையத்தில்தான் இருப்பார் என்று எதிர்வீட்டு அம்மா சொன்னார். நான் ஓசூர் போனபின் அக்காவோடு சில காலம் ஒரே வீட்டு மாடியில் குடியிருந்த மெகருன்னிசா வீடு அது. தையல்காரர். பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறேன், பார்த்ததில்லை. விசாரித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

கதவு திறந்தே இருந்தது. உள்ளே நாலைந்து பெண்கள் பாயில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஏதோ சொல்ல, மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்களில் ஒருவருக்குத் தலையில் முடியே இல்லை. புருவமும் இல்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். வீடு மாறி வந்துவிட்டோமோ என்று நான் திரும்பப் பார்த்த நேரத்தில் அந்தப் பெண் என்னைப் பார்த்து, "வாடா. சாப்பிட்டியா?" என்றார்.

குரலை வைத்துத்தான் அது அக்கா என்று எனக்குத் தெரிந்தது.

மார்பில் புற்றுநோய். அறுவை சிகிச்சை முடிந்து, கீமோவும் முடியும் தறுவாயில் இருந்தது. எட்டு மாதங்கள். அந்த எட்டு மாதமும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என்னோடு போனில் பேசியிருக்கிறார். மழை பெய்ததா என்று கேட்டிருக்கிறார். எனக்கு இலை போட்டார்கள். நான் சாப்பிட்டேனா என்பது நினைவில் இல்லை. மாலையில் வெளியே வந்ததும், தெருவில் வைத்தே, என்னை ஆளாகவே நினைக்கவில்லையா என்று கேட்டேன். அக்கா என்னை ஓரமாக நிறுத்தினார். பிறகு சொன்னார்: "சொன்னா நீ அழுவ. ஒன்னய உக்கார வச்சுத் தேத்தணும். அதுக்கு எனக்குத் தெம்பு இல்லடா. அதான் சொல்லல."

நான் அங்கேயே அழுதேன். அக்கா என்னைத் தேற்றினார்.

அந்த எட்டு மாதங்களை அவர் எப்படிக் கழித்தார் என்பதை மெகருன்னிசா அக்காவும், அக்காவோடு அலுவலகத்தில் வேலை பார்த்த செல்வராணியும் பின்னாளில் சிறிது சிறிதாகச் சொன்னார்கள். கீமோவுக்குப் போகும் நாளில் அக்கா இருப்பதிலேயே நல்ல சேலையைத்தான் கட்டுவாராம். முடி கொட்டத் தொடங்கியதும், அந்தச் சேலைகளுக்கு ஜாக்கெட் தைத்து மிஞ்சிய துணியில் மெகருன்னிசா அக்கா சேலைக்குப் பொருத்தமாய்ச் சின்னச் சின்னக் குல்லாய்கள் தைத்துத் தந்திருக்கிறார். எந்தச் சேலைக்கு எந்தக் குல்லாய் என்பது அவர்களுக்குள் ஒரு விளையாட்டு. உடம்பு தாங்கும் வாரங்களில் அக்கா வேலைக்கும் போயிருக்கிறார். பக்கத்து நாற்காலியில் இருந்த செல்வராணி தன் வேலையையும் அவர் வேலையையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, யாராவது கேட்டால் அக்காதான் முடித்தார் என்று சொல்லியிருக்கிறார். சனிக்கிழமைகளில் எல்லோரும் கோரிப்பாளையத்தில் கூடுவார்கள். அங்கே நோயைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் கேட்கலாம். அதற்குப் பதில் சொல்லி முடித்தபின் ஊர்ப்பேச்சு, அலுவலகப் பேச்சு, சேலைப் பேச்சு. இந்த விதியைப் போட்டவர் அக்கா.

தெருவில் அக்கா சொன்னதைக் கேட்ட பிறகும் எனக்கு மனம் ஆறவில்லை. கூடப் பிறந்தவன் நான் இருக்க, அக்கா யார் வீட்டிலோ கிடப்பதா என்று இருந்தது. கீமோ முடிந்ததும் அடம்பிடித்து ஓசூருக்கு அழைத்துப் போனேன். மூன்றே வாரங்கள் இருந்தார். நான்காவது மாடி வீடு. காலையில் நானும் மனைவியும் வேலைக்குக் கிளம்பிவிடுவோம், பையன் பள்ளிக்கு. கஞ்சி, பழச்சாறு, மாத்திரை எல்லாம் மேசையில் வரிசையாக இருக்கும். மாலையில் வந்து பார்த்தால் அக்கா பால்கனி நாற்காலியில் இருப்பார். காலையில் விட்டுப்போன அதே நாற்காலி. கஞ்சி ஆறிக் கிடக்கும். நான் நம்பிக்கையூட்டும் பேச்சுகளைத் தேடித் தேடி அவர் போனுக்கு அனுப்புவேன். வீட்டுக்குள் நுழைந்ததும், "பாசிட்டிவா இரு அக்கா" என்பேன். மூன்றாவது வாரம் ஒருநாள் அக்கா என்னை உட்காரச் சொன்னார்.

"நான் நல்லாத்தான்டா இருக்கேன். நீ பாசிட்டிவா இரு, பாசிட்டிவா இருன்னு சொல்றப்பதான் பயமா இருக்கு," என்றார். பிறகு, "நான் மதுரைக்குப் போறேன். கோவிச்சுக்காத," என்றார்.

நான் கோபித்துக்கொண்டேன். அதை இந்த மலரில் எழுதாமல் விடுவது சரியல்ல. மறுநாளே காரில் கிளம்பினோம். நாகமலை புதுக்கோட்டை வீட்டு வாசலில் மெகருன்னிசா அக்காவும் செல்வராணியும் காத்திருந்தார்கள். வீட்டைக் கழுவிவிட்டு, தண்ணீர் பிடித்து வைத்து, சோறும் ஆக்கியிருந்தார்கள். காரை விட்டு இறங்கும்போதே அக்கா பேச ஆரம்பித்துவிட்டார். மூன்று வாரமாக நான் கேட்காத குரல் அது. சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஓசூருக்குத் திரும்பினேன். அன்று எனக்கு ஒரு வேலையும் இல்லை. அடுத்த சில ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா கூப்பிட்டபோது போனை எடுத்து மனைவியிடம் கொடுத்துவிட்டேன்.

அதன்பின் எங்கள் பக்கத்தில் கரண்டு வைப்பது என்று சொல்லும் கதிர்வீச்சு சிகிச்சை, வாரத்துக்கு ஐந்து நாள் நடந்தது. நோன்பு மாதம் அது. தாங்கள் தண்ணீர் கூடக் குடிக்காத பகலில் மெகருன்னிசா அக்கா வீட்டில் அக்காவுக்கென்று தனியாக உலை வைத்திருக்கிறார்கள். எதை வாயில் வைத்தாலும் இரும்பை நக்கியதுபோல இருந்த அந்த நாட்களில், சாயங்காலம் அவர்களோடு உட்கார்ந்து குடித்த நோன்புக் கஞ்சி மட்டும்தான் உள்ளே இறங்கியதாம். அப்போது நான் அங்கே இல்லை.

அக்கா தேறினார். முடி சுருட்டையாக முளைத்தது. மூன்று ஆண்டுகள் முழுதாக வேலை பார்த்தார், ஓய்வும் பெற்றார். நாங்கள் மறுபடியும் பேச ஆரம்பித்தோம். கோபத்தைப் பற்றிய பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

நோய் மறுபடி வந்து ஈரலில் பரவியபோது அக்கா எனக்குத்தான் முதலில் போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை அல்ல, ஒரு புதன்கிழமை மத்தியானம். "இந்தத் தடவ மெகருகிட்டக் கூட இன்னும் சொல்லல," என்றார். நான் அழவில்லை. டாக்டர் சொன்னதை முழுதாகக் கேட்டுக்கொண்டேன். பிறகு நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். கடைசி நான்கு மாதங்கள் அக்காவோடு இருந்தேன். சனிக்கிழமைக் கூட்டம் அக்கா வீட்டுக்கே மாறியது. நான் டீ போட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த அறையில் இருப்பேன். அக்காவால் எழுந்து உட்கார முடியாத நிலையிலும் அந்த அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் வரும். நான் உள்ளே போனால் கொஞ்சம் குறையும். அவர்கள் வேண்டுமென்று செய்ததல்ல. என்னைப் பார்த்ததும் அக்கா, அக்காவாகிவிடுவார். சாப்பிட்டாயா, லீவு எவ்வளவு நாள் இருக்கிறது, பையனுக்குப் பரீட்சை எப்போது என்று தொடங்கிவிடுவார்.

அவர் என்னிடம் கடைசியாகப் பேசியதும் அதுதான். "லீவு இன்னும் எம்புட்டு நாளுடா இருக்கு?" நிறைய இருக்கிறது அக்கா என்றேன். தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடினார். மறுநாள் மத்தியானம், நானும் மெகருன்னிசா அக்காவும் செல்வராணியும் பக்கத்தில் இருக்க, மூச்சு அடங்கியது.

காரியங்கள் முடிந்து சில வாரங்கள் கழித்து மெகருன்னிசா அக்கா, சனிக்கிழமை வாங்க தம்பி என்று கூப்பிட்டார். போனேன். அக்கா உட்காரும் இடத்தை விட்டுவிட்டு எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். அன்றுதான் அவர் இதைச் சொன்னார். அறுவை சிகிச்சைக்குத் தேதி வாங்கப் போன அன்று ஆஸ்பத்திரியில் ஒரு தாளை நீட்டி, கூட இருப்பவர் பெயரும் உறவுமுறையும் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். மெகருன்னிசா அக்கா தன் பெயரை எழுதி, உறவு என்ற இடத்தில் தங்கை என்று எழுதினாராம். தாளை வாங்கியவர் இரண்டு பெயர்களையும் பார்த்துவிட்டு இவர்களை ஏறிட்டுப் பார்க்க, இருவரும் அங்கேயே சிரித்துவிட்டார்களாம்.

"ஆட்டோவுல ஏறுனதும் உங்கக்கா அழுதுச்சு தம்பி. அத்தன மாசத்துல அது அழுது நான் பாத்தது அந்த ஒரு தடவதான். அந்த எடத்துல தம்பி பேர எழுதியிருக்கணும் மெகருன்னு சொல்லுச்சு."

அன்றும் எனக்கு இலை போட்டார்கள், சாப்பிட்டேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். தங்கை என்று எழுதி, கடைசிவரை அப்படியே இருந்த மெகருன்னிசா அக்காவுக்கும் அவர் வீட்டாருக்கும், அக்காவின் வேலையைத் தன் வேலையாகப் பார்த்த செல்வராணிக்கும், சனிக்கிழமைத் தோழியர் அனைவருக்கும், அக்கா எங்கே இருப்பார் என்று எனக்கு வழி சொன்ன எதிர்வீட்டு அம்மாவுக்கும், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், கொட்டாம்பட்டியிலிருந்து வந்து நின்ற சித்தப்பா, பங்காளிகள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. எனக்குத் தெரிந்தது என்னை வளர்த்த அக்காவை மட்டும்தான். வாய்விட்டுச் சிரித்த அக்காவை, விதி போட்டு விளையாடிய அக்காவை, ஆட்டோவில் அழுத அக்காவை எனக்குத் தெரியாது. இந்த மலரைக் கையில் வாங்கும் உங்களில் யாருக்காவது அவரைப் பற்றி ஏதேனும் நினைவிருந்தால், எவ்வளவு சின்ன விஷயமானாலும் சரி, என்னிடம் வந்து சொல்லுங்கள். இந்த மாதக் கடைசி வரை நாகமலை புதுக்கோட்டை வீட்டில்தான் இருப்பேன். வேறு யாரும் இல்லை. எந்த நேரமும் வரலாம்.

இப்படிக்கு,
அக்காவின் தம்பி