விட்டுப்போன வரி

படிப்பை முடித்த அக்காவுக்குப் புத்தகம் போடும் இடத்தில்தான் வேலை பார்க்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். அப்பாவோ ஷா ஆலம் தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர் கிளார்க் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார். திங்கட்கிழமை மாலைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். இதற்கிடையில் பிரிக்ஃபீல்ட்ஸ் பதிப்பகம் ஒன்று அக்காவுக்குப் பரீட்சை வைத்தது: ஒரு கதையின் கையெழுத்துப் பிரதி, அதைத் தட்டச்சு செய்த தாள்கள். இரண்டையும் ஒப்பிட்டு, பிழைகளைக் குறித்து, சனிக்கிழமை கொண்டுவர வேண்டும்.

ஒருவர் பிரதியைப் படிக்க, மற்றவர் தாளைப் பார்க்க வேண்டுமாம். படிக்கும் பதவி எனக்கு வந்தது. நான்காம் ஆண்டு வாசிப்புப் போட்டியில் முதல் பரிசு வாங்கியவள் நான். என் திமிருக்கு எங்கள் ஊர் கிள்ளானே போதவில்லை.

ஓரிடத்தில் அடுத்தடுத்த இரண்டு வரிகள் ‘மழை விட்டதும்’ என்று தொடங்கின. என் கண் முதல் வரியைத் தாண்டி இரண்டாவதில் இறங்கிவிட்டது. படித்த பிறகுதான் தெரிந்தது. திட்டு விழும் என்று காத்திருந்தேன். அக்காவின் சிவப்புப் பேனாவோ நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. அவளே கவனிக்காதபோது நான் ஏன் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ள வேண்டும்? பேசாமல் படித்து முடித்தேன்.

சனிக்கிழமை என்னையும் அழைத்துப் போனாள். கொமுட்டர் ரயிலில் ஏறினோம். ஒவ்வொரு நிலையத்திலும் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். பயம் வாயை அடைத்தது.

பதிப்பகத்து அம்மாள் தாள்களைப் புரட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் விரலை வைத்தார். தட்டச்சு செய்தவரும் அதே வரியை விட்டிருக்கிறார்! நானும் விட்டதால்தான் அக்காவின் பேனா நிற்கவில்லை.

“யாரு படிச்சுக் காட்டினா?”

“யாருமில்ல மேடம். நானேதான் பார்த்தேன்,” என்றாள் அக்கா.

தனியாகப் பார்த்தால் கண் தாவத்தான் செய்யும் என்று சொல்லி, அந்த அம்மாள் வேறு கதையொன்றைக் கொடுத்தார். திங்கள் காலை வர வேண்டும், இதுதான் கடைசி என்றார். திரும்பும் வழியில் அக்கா புதுக் கதையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். நான் படித்துக் காட்டியதையே மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். போன உயிர் திரும்பி வந்தது.

மறுநாள் படித்துக் காட்ட அம்மாவைக் கூப்பிடுவாள் என்று பார்த்தால் என்னைத்தான் கூப்பிட்டாள். கையில் ஓர் அடிக்கோலைக் கொடுத்தாள்.

“வரிக்குக் கீழ வச்சு மெதுவா படி லா. அவசரமில்ல.”

ஒன்றாம் ஆண்டுப் பிள்ளைகள்தான் அடிக்கோல் வைத்துப் படிப்பார்கள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு படித்தேன். ஒரு வரியும் தப்பவில்லை. அக்காவுக்கு வேலை கிடைத்தது.

தனக்கிருந்த கடைசி வாய்ப்பை அவள் மறுபடியும் என்னை நம்பித்தான் கொடுத்தாள் என்பது அப்போது எனக்கு எட்டவேயில்லை. பரிசு வாங்கிய என்னை அவமானப்படுத்திவிட்டாள் என்று ஒரு வாரம் அம்மாவிடம் கோள் சொல்லிக்கொண்டிருந்தேன்.