தொண்டியாகிப் போன வெள்ளைக் கவுன்

நான் நாலாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் திருட்டுச் சாமானை வாங்கினால் என்ன ஆகும் என்று எந்த வக்கீலும் வந்து எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சட்டத்தை உடம்பில் உடுத்தி அவிழ்த்தவள் நான்.

எழுபதுகளில், தூத்துக்குடியில், எனக்குப் புதுநன்மை வாங்கும் வயது. முதன்முதலாக நற்கருணை வாங்கப் போகும் பிள்ளைக்கு வெள்ளைக் கவுனும் முக்காடும் வேண்டும். அப்பா தோணியில் கொழும்புக்குப் போயிருந்தார். துணிக்கு என்ன செய்வது என்று அம்மா முழித்துக்கொண்டிருந்தபோதுதான், துறைமுகத்தில் மூட்டை தூக்கும் மாமா, அம்மாவின் தம்பி, வெள்ளை நைலான் துணி ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார்.

"கடல்ல மெதந்து வந்துச்சுக்கா. சீமைத் துணி!"

"ஏலே, மெதந்து வந்த துணிக்கு அக்காகிட்டயே துட்டு கேக்க?"

"நீந்திப் போயில்லா எடுத்தேன். கூலி வேண்டாமா?"

அம்மா சிரித்தபடியே முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். எங்கள் கரையில் பலகையோ பீப்பாயோ, கடல் ஒதுக்கியது முதலில் கண்டவருக்குத்தான். யாரும் அதைக் களவு என்று சொல்ல மாட்டார்கள். மாமா படியிறங்குவதற்குள் அம்மா கத்தரியை எடுத்துவிட்டாள். பொழுது சாய்வதற்குள் கவுன் தயார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, கோயிலில் பூசைக்கு முதல் மணி அடித்தாயிற்று. கையில் மெழுகுவர்த்தியோடு ராணி மாதிரி வாசலில் நிற்கிறேன். ஜீப் வந்து நின்றது. பின்னால் மாமா. தலையே நிமிரவில்லை.

ஏட்டையா இறங்கி வந்தார். "ஏம்மா, கப்பல் சரக்க ஒடைச்சு எடுத்த துணி அது. ஒன் தம்பியே சொல்லிட்டான். புள்ளைட்ட இருந்து கவுனக் கழட்டு. கேஸுக்குத் தொண்டி அதுதான், கோர்ட்ல காட்டணும்."

தெருவே கூடிவிட்டது.

"நான் துட்டு குடுத்துல்லா வாங்குனேன் ஐயா! நானா களவாண்டேன்?"

"களவுன்னு தெரிஞ்சு வாங்குனா அதுவும் குத்தந்தாம்மா. தெரியாதுன்னா சொல்லு, எழுதிக்கிடுதேன்."

நான் முந்திக்கொண்டு கத்தினேன். "கடல்ல மெதந்து வந்தது! மாமாதான் சொன்னாவ!"

ஏட்டையாவுக்கே மனம் இளகியிருக்க வேண்டும். அம்மா பக்கம் திரும்பினார். "அப்படியாம்மா? அத நம்பித்தான் வாங்குனியா?"

ஆமா என்று ஒரு சொல் போதும். அம்மா என்னைப் பார்த்தாள், என் கையிலிருந்த மெழுகுவர்த்தியைப் பார்த்தாள். என்னை உள்ளே கூட்டிப்போய்க் கவுனை அவிழ்த்து, மடித்து, ஏட்டையாவிடம் நீட்டிவிட்டு, தானே போய் ஜீப்பில் ஏறினாள்.

பள்ளிக்கூடச் சட்டையோடு சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு போய் நன்மை வாங்கினேன். நாக்கில் அது ஒட்டியதா கரைந்ததா, ஒன்றும் தெரியவில்லை. சாயங்காலம் ஊர்ப் பெரியவர்கள் ஜாமீனில் அம்மாவைக் கூட்டிவந்தார்கள். நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. போலீசைக் கண்டு நாக்கு அடைத்துப்போன பயந்தாங்கொள்ளி என்று எனக்கு அவள் மேல் அத்தனை கோபம்.

அப்பா கடலிலிருந்து வரும்போதெல்லாம் அவர் துணிகளை நல்ல தண்ணீரில் அலசி, பிழிந்து, மறுபடி அலசி, உப்பு போய்விட்டதா என்று மோந்து பார்த்துத்தான் அம்மா கொடியில் போடுவாள். அதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவள் நான். கடலில் மிதந்து வந்ததாகச் சொன்ன அந்த நைலானை மட்டும் அவள் ஒரு தடவைகூடத் தண்ணீரில் நனைக்கவில்லை. அதையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.