அரிசி மில்லில் நின்ற பெரியவர்

அந்தப் பெரியவரை நான் முதன்முதலில் பார்த்தபோது அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கட்டம் போட்ட லுங்கி, தோளில் துண்டு, பனியன் முழுக்கத் தவிட்டுப் பொடி. நான் இருந்தது தஞ்சாவூரில், உரக்கடை மாடியில் இருந்த எங்கள் அலுவலகத்தில். அவர் இருந்தது என் கணினித் திரைக்குள், ஓர் அரிசி மில்லின் கிடங்கில். திரையில் என் கையில் துப்பாக்கி இருந்தது. எனக்குப் பின்னால் நான்கு போலீஸ்காரர்கள் வரிசையாக நின்றார்கள். விசையைத் தட்டினேன். கையைத் தூக்கு என்று குரல் போனது. அவர் திரும்பவில்லை. மறுபடியும் தட்டினேன். மூன்றாவது முறை தட்டியபோது அவர் குனிந்து மூட்டைக்கு அந்தப் பக்கமிருந்து எதையோ எடுத்தார். சுட்டுவிட்டேன். தவிட்டுக் குவியலின்மேல் சரிந்தார். கையிலிருந்து விழுந்தது சாக்குத் தைக்கும் கோணி ஊசி. ஆயுதம் இல்லாதவரைக் கொன்றுவிட்டாய், பணி தோல்வி என்று திரையில் எழுத்து வந்தது.

என் நாற்காலிக்குப் பின்னால் அக்கா நின்றிருந்தார்.

"சுட்டுட்டல்ல?"

"திரும்பவே இல்லக்கா. மூணு தடவ கத்தினேன்."

"கத்தின. அவருக்குக் காது கேக்காது."

"அத எங்கயுமே சொல்லலையே?"

"யாரு வந்து சொல்லுவா?" என்று கேட்டுவிட்டு அக்கா தன் இடத்துக்குப் போய்விட்டார்.

அலுவலகத்தில் நாங்கள் பதினேழு பேரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டோம். எங்களுக்குச் சம்பளம் கொடுத்தவரை மட்டும் சார் என்போம். வெளிநாட்டு வீடியோ கேம் நிறுவனங்களுக்கு நாற்காலி, கதவு, லாரி, துப்பாக்கி என்று கேட்டதையெல்லாம் கணினியில் செய்து அனுப்புவதுதான் எங்கள் வேலை. கீழே யூரியா மூட்டை இறக்கும் வாடை எப்போதும் படியேறி வரும். விளையாடுபவர்களுக்கு இப்படி ஓர் ஊரும் மாடியும் இருப்பதே தெரியாது. அக்கா திருவையாற்றுக்குப் பக்கத்துக் கிராமம். கொஞ்சம் நிலம் வைத்திருந்த லூத்தரன் கிறிஸ்தவக் குடும்பம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், நான் செய்த ஒரு மர மேசையைப் பார்த்துவிட்டு, "இதுல யாரும் சோறு சாப்பிட்ட மாதிரியே இல்லையே" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் நான் கற்றதைக் கல்லூரியில் நான்கு வருடத்தில் கற்கவில்லை.

அந்த விளையாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐந்து பேர் கொண்ட போலீஸ் குழு ஒரு கட்டடத்துக்குள் நுழைய வேண்டும். உள்ளே குற்றவாளிகளும் இருப்பார்கள், ஒன்றும் அறியாதவர்களும் இருப்பார்கள். கண்டபடி சுடக்கூடாது. முதலில் எச்சரிக்க வேண்டும். கையைத் தூக்கினால் விலங்கு போட வேண்டும். தேவையில்லாமல் சுட்டால் மதிப்பெண் குறையும். மற்ற துப்பாக்கி விளையாட்டுகளிலிருந்து இது வேறுபட்டது, மனசாட்சி உள்ளது என்று அதை வாங்கி ஆடுகிறவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அது நன்றாக ஓடியதால் எக்ஸ்பான்ஷன் பேக் ஒன்று, அதாவது பழைய விளையாட்டோடு சேர்த்து ஆடுவதற்கான கூடுதல் பகுதி, வெளியிடத் தீர்மானித்தார்கள். அதில் மூன்று புதிய இடங்கள். ஒன்றை முழுதாக எங்களிடம் தந்தார்கள். 'ஆசியக் கிராமம், தானியக் கிடங்கு, கடத்தல் கும்பல்' என்று அனுப்பிய குறிப்பில் அவ்வளவுதான் இருந்தது. உள்ளே இருக்கும் அத்தனை பேரும் எதிரிகள் என்றும் எழுதியிருந்தது.

அக்கா அதை வாசித்துவிட்டு, "கிடங்குன்னா அதுல வேல செய்ற ஆளுங்க எங்க?" என்று கேட்டார். சார் தோளைக் குலுக்கினார். அக்கா மறுநாளே ஒலிப்பதிவுக் கருவியை எடுத்துக்கொண்டு என்னையும் அழைத்துக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பினார். ஒரத்தநாடு பக்கம் ஒரு பழைய மில்லில் இரண்டு நாள் இருந்தோம். நெல் அவிக்கும் ஆவி, பெல்ட் ஓடும் சத்தம், உமி கொட்டும் சத்தம், களத்தில் நெல்லைக் காலால் கிளறிவிடுகிற பெண்கள். அந்தப் பெண்களிடம் போய், "திடீர்னு போலீஸ் உள்ள வந்தா என்னம்மா செய்வீங்க?" என்று கேட்டார் அக்கா. ஒரு பெண், "மொதல்ல புள்ளையத் தூக்குவேன். கையெல்லாம் அப்பறந்தான் தூக்குவேன்" என்றார். அக்கா அதை எழுதிக்கொண்டார். அதுவே விளையாட்டில் வந்தது. அக்கா கட்டிய மில்லில் மனிதர்கள் பயந்தால் மனிதர்கள் பயப்படுகிற மாதிரியே பயந்தார்கள். ஒருத்தி குழந்தையிடம் ஓடினாள். ஒருவன் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் கையைத் தூக்கினான். அனுப்பிய முதல் வடிவத்தைப் பார்த்து வெளிநாட்டிலிருந்து பாராட்டி எழுதினார்கள்.

பெரியவரைச் சேர்த்தது அதற்குப் பிறகு. அவர் யார் என்று நான் கேட்டபோது அக்கா உடனே சொல்லவில்லை. ஒருநாள் டீக்கடையில், கண்ணாடித் தம்ளரைக் கையில் வைத்தபடி சாதாரணமாகச் சொன்னார். அக்காவின் பெரியப்பா முப்பது வருடம் அரிசி மில்லில் நின்றவர். அந்த இரைச்சலில் காது போய்விட்டது. ஒரு வருடம் ஆற்றில் தண்ணீர் வராமல் குறுவைப் பயிர் காய்ந்தபோது ஊர்க்காரர்கள் சாலை மறியலில் உட்கார்ந்தார்கள். பெரியப்பாவும் போய் முன்வரிசையில் உட்கார்ந்தார். போலீஸ் பின்னாலிருந்து மைக்கில் கலைந்து போகச் சொன்னது. எழுந்து ஓடியவர்கள் எல்லோரும் அவருக்குப் பின்னால் இருந்தவர்கள். அவர் ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்தே இருந்தார். தலையின் பின்பக்கம் அடி விழுந்தது. எட்டு மாதம் படுக்கையில் கிடந்து போய்ச் சேர்ந்தார்.

"விசாரணையில என்ன சொன்னாங்க தெரியுமா? மூணு தடவ எச்சரிக்கை குடுத்தோம்னாங்க. அது உண்மைதான். குடுத்தாங்க." அக்கா தம்ளரைக் கீழே வைத்தார். "இந்த கேம்லயும் அதான ரூல்? கத்தியாச்சுன்னா அப்பறம் அவன் தப்பு."

பெரியவரை உயிரோடு விடுவது கடினமே இல்லை. மூட்டைகளைச் சுற்றி நான்கு எட்டு நடந்து அவர் முன்னால் போய் நிற்க வேண்டும். பார்த்த உடனே ஊசியைப் போட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கிவிடுவார். நான்கே எட்டு. அதற்கு மேல் அக்கா யாரிடமும் எதையும் கேட்கவில்லை.

வெளிநாட்டில் சோதித்துப் பார்த்தவர்கள் கொதித்துப் போனார்கள். பத்துப் பேரில் எட்டுப் பேர் பெரியவரைச் சுட்டிருந்தார்கள். சுட்டவர்களுக்கு அவமானம் வந்திருக்க வேண்டும், வந்தது எரிச்சல். இது நியாயமில்லை, விளையாடுகிறவரை ஏமாற்றுகிறது என்று எழுதினார்கள். திரை வழியாக ஒரு கூட்டம் நடந்தது. அங்கிருந்த மேலாளர் சிரித்த முகத்தோடு, விதிப்படி நடந்தவரை நாம் தண்டிக்கக் கூடாது, பெரியவரை எடுத்துவிடுங்கள் என்றார். அக்கா ஆங்கிலத்தில், மெதுவாக, விதி தப்பாக இருக்கிறது என்பதைத்தான் அந்த மனிதர் காட்டுகிறார் என்றார். சார் அவசரமாகக் குறுக்கிட்டு, செய்துவிடுகிறோம், ஒன்றும் பிரச்சினையில்லை என்று சொல்லி இணைப்பைத் துண்டித்தார். பிறகு அக்காவிடம், "ஒரு கெழவனுக்காகக் காண்ட்ராக்ட்டையே விட்டுடலாங்கிறியா?" என்றார். "என் கையால எடுக்க மாட்டேன் சார்" என்றார் அக்கா.

அதனால் சார் என்னைக் கூப்பிட்டார். "நீ பண்ணிடும்மா. அஞ்சு நிமிஷ வேலதான" என்றார்.

அஞ்சு நிமிஷம்கூட ஆகவில்லை. அதை இன்று நினைத்தாலும் என் உடம்பு எரிகிறது. சாரின்மேல் கோபப்படுவது சுலபம். கண் காணாத தேசத்து மேலாளர்மேல் கோபப்படுவது அதைவிடச் சுலபம். என் சுட்டுவிரலை அவர்கள் யாரும் பிடித்து அழுத்தவில்லை. மறுக்கலாம் என்பது எனக்குத் தெரியும். ஒருவர் மறுத்ததை அப்போதுதான் பார்த்திருந்தேன். அக்கா சாப்பிடப் போயிருந்த நேரமாகப் பார்த்துச் செய்தேன். பெரியவரை எடுத்ததும் அந்த இடம் வெறிச்சென்று தெரிந்தது. கண்ணை உறுத்தாமலிருக்க இரண்டு சாக்கு மூட்டைகளை வைத்தேன். அழகாகத்தான் வைத்தேன்.

மறுநாள் காலை அக்கா மில்லைத் திறந்து பார்த்தார். கிடங்குக்குள் நடந்தார். மூட்டைகளைச் சுற்றி ஒருமுறை வந்தார். என் பக்கம் திரும்பவில்லை. எழுந்து சார் அறைக்குப் போனார். கதவு மூடியிருந்ததால் என்ன பேசினார்கள் என்று தெரியாது. சாயங்காலம் அவர் மேசை காலியாக இருந்தது. ராஜினாமாக் கடிதத்தை அவர்களே அடித்து வைத்துக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. எங்களிடம் சார், "கல்யாண விஷயமாப் போறாங்க, வாழ்த்துவோம்" என்றார். கல்யாணமும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒரு பெண் வேலையை விட்டால் சொல்வதற்கென்று அவர்கள் ஒரே ஒரு பொய்யைத்தான் வைத்திருக்கிறார்கள். வேறொன்றை யோசிக்கும் சிரமம்கூட எடுக்கவில்லை. நாங்கள் பதினேழு பேரும் தலையை ஆட்டினோம்.

ஐந்து மாதம் கழித்து எக்ஸ்பான்ஷன் பேக் வெளிவந்தது. மூன்று இடங்களில் மில்லைத்தான் எல்லோரும் கொண்டாடினார்கள். அந்தச் சத்தம், அந்தத் தூசி, குழந்தையைத் தூக்க ஓடும் அந்தப் பெண். அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். முடிவில் ஓடிய பெயர்ப் பட்டியலை நான் நிறுத்தி நிறுத்திப் படித்தேன். அரிசி மில் வடிவமைப்பு என்ற தலைப்பின் கீழே என் பெயர் இருந்தது. என் பெயர் மட்டும். சாரின் பெயர் மேலே தனியாக வந்தது. வெளிநாட்டு அலுவலகத்தில் வளர்க்கும் நாயின் பெயர்கூட, அன்புக்குரியது என்று போட்டு, வந்தது. அக்காவின் பெயர் எங்கேயும் இல்லை. கேட்டதற்கு, வெளியீட்டு நாளில் வேலையில் இருப்பவர்களின் பெயரை மட்டுமே போடுவோம், அதுதான் கொள்கை என்றார் சார். அந்த நாய் என்ன வேலையில் இருந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவைத் தேடிப் போனேன். ஒரத்தநாட்டில் ஒரு வாடகை வீட்டில் இருந்தார். கால்நடை மருத்துவம் படிக்கிறவர்களுக்காக மாட்டின் வயிற்றைக் கணினியில் வரைந்துகொண்டிருந்தார். நாலு அறைகளும் தனித்தனி நிறத்தில் திரையில் சுழன்றன. காபி கொடுத்தார். குடித்து முடித்த பிறகுதான் சொன்னேன்.

"பெரியவர எடுத்தது நான்தாங்க்கா."

"தெரியும்."

"எப்படி?"

"அந்த மூட்ட. வாய் தெச்சிருந்த விதத்தப் பாத்தாலே தெரியாதா? நான்தான உனக்குச் சொல்லிக் குடுத்தேன்." அவர் குரல் உயரவே இல்லை. "பேரு போடாததப் பத்தி எனக்கு ஒண்ணும் இல்லேன்னு சொல்ல மாட்டேன். இருக்கு. ராத்திரி தூங்க விடல அது. ஆனா நீ செஞ்சது அதவிட மோசம். என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். நான் சாப்பிட்டு வர்ற வரைக்கும்கூட உன்னால இருக்க முடியல."

மன்னிப்புக் கேட்டேன். அவர் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். வாசல் வரை வந்து வழியனுப்பினார். மறுபடி வா என்று மட்டும் சொல்லவில்லை.

திரும்பி வந்ததும் வெளிநாட்டு நிறுவனத்துக்கு நேரடியாக எழுதினேன். மில்லை யார் கட்டினார், எந்தச் சத்தத்தை எந்த ஊரில் பதிவு செய்தார், யாரிடம் என்ன கேட்டார் என்று பக்கம் பக்கமாக எழுதினேன். ஆறு வாரம் பதிலில்லை. மூன்று முறை நினைவூட்டினேன். கடைசியில் வந்த பதிலில் என் உணர்வுகளைப் புரிந்துகொள்வதாகவும், வெளியான பட்டியலில் பெயர் சேர்ப்பது கொள்கைப்படியும் தொழில்நுட்பப்படியும் இயலாது என்றும் இருந்தது. அப்படியானால் என் பெயரை நீக்கிவிடுங்கள், நான் செய்யாத வேலைக்கு என் பெயர் வேண்டாம் என்று எழுதினேன். இரண்டே நாளில் நீக்கிவிட்டார்கள். தொழில்நுட்பம் அதற்கு ஒத்துழைத்தது. அதே நாளில் சார் என்னை அழைத்து, சம்பளம் வாங்கிய இடத்துக்கே இப்படிச் செய்யலாமா என்று கேட்டார். அக்காவுக்கு அடித்ததைப் போலவே எனக்கும் ஒரு கடிதம் அடிக்க வேண்டாம், நானே எழுதிக் கொண்டு வந்திருக்கிறேன் என்று நீட்டினேன். அவர் அதை வாங்கி முதலில் எழுத்துப் பிழை பார்த்தார்.

பேருந்து நிலையத்திலிருந்து அக்காவுக்கு போன் செய்தேன். எடுப்பார் என்று எதிர்பார்க்கவில்லை, எடுத்தார். நடந்ததைச் சொன்னேன்.

"சேக்கறதுக்கு வழியில்லன்னாங்க. எடுக்க ரெண்டு நாளா?"

"ஆமாக்கா."

"சரி, இப்ப அந்த மில்ல யாரு கட்டினதா போட்டிருக்கான்?"

"தலைப்பு மட்டும் அப்படியே இருக்குக்கா. கீழ யாரு பேரும் இல்ல."

"இருக்கட்டும்" என்றார் அக்கா. "பாக்கறவங்க யாராவது கேக்கட்டும்."

ஒரு வருடமாகிறது. அந்தத் தொகுப்பு இன்னமும் விற்கிறது. மில்லைப் பற்றி இன்னமும் எழுதுகிறார்கள். யாரும் கேட்கவில்லை.