ஒன்றரை மணி நேரம்தானாம்

கோவில்பதாகையில் எங்கள் வீட்டில், ஐஸ் பெட்டிக்குள் என் வீட்டுக்காரர் கிடக்கிறார். கனடாவின் வடகோடியில் நர்சாக இருக்கும் எங்கள் ஒரே மகள் ஸ்டெல்லா இன்னும் வந்து சேரவில்லை.

கொழுந்தன் போனைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"அண்ணி, அவ ஊர்லேர்ந்து பெரிய பிளேன் ஏறுற ஊரு அறுநூறு கிலோமீட்டர்தான். ஒன்றரை மணி நேரம் பறந்தா போதும். இன்னா பண்ணிகினு கீறா? ஃபாதர் சாயந்தரமே அடக்கம்னு சொல்றாரு."

ஸ்டெல்லாவைப் போனில் கூப்பிட்டேன்.

"ரெண்டு நாளா பனிம்மா. சின்ன பிளேனு, எடுக்க மாட்டேங்குறாங்க. ரோடும் கிடையாது. அப்பாவ மூடிடாதீங்கம்மா."

தரையில் கிடந்த சவப்பெட்டி மூடியை எடுக்கக் கொழுந்தன் வந்தார். அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன். அங்கிருந்துதான் இதை எழுதுகிறேன்.

அந்தப் பக்கம் பனி எப்போது நிற்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எத்தனை மணி நேரம் பறந்தால் போதும் என்று மட்டும் சொல்லாதீர்கள்.