ஸ்டார்ட் ஆகாத காரும் சாயாத பொழுதும்

எனக்கு வாய் நீளம். இரண்டு வருஷமாக என் மாமியார் தன் மூத்த மகனோடு பேசாமல் இருந்ததற்கு அந்த வாய்தான் காரணம். ஒரு காதுகுத்து விசேஷத்தில் அந்தப் பெரிய மாமா, "எங்க அம்மாவ வேலைக்காரி மாதிரி வெச்சிருக்க" என்று பந்தியில் எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டார். நான் விடுவேனா? "அவ்ளோ அக்கறன்னா நீங்க கூட்டிட்டுப் போய் வெச்சிக்கங்களேன்" என்றேன். மனுஷன் முகம் சுண்டிப்போய் நின்றார். அத்தை எழுந்து வந்து என் பக்கம் நின்றார். "என் மருமவள சொல்றதுக்கு நீ யாருடா? இனிமே என் மூஞ்சில முழிக்காத" என்றார்.

அன்றைக்கு எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அவர் நம்பரை என் போனிலிருந்து அழித்தேன். அவர் முன்பு எங்களுக்குக் கொடுத்திருந்த பழைய காரை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை.

அந்தக் கார்தான் போன மார்கழியில் செஞ்சிக் கடைத்தெருவில் காலை வாரியது. அத்தையைச் சர்க்கரை டாக்டரிடம் காட்டிவிட்டு வெளியே வரும்போது மணி ஐந்து. டாக்டர் வரவே நேரமாகிவிட்டது. அத்தை காலையில் சாப்பிட்டதோடு சரி. நாங்கள் சமணர்கள், பொழுது சாய்ந்த பிறகு அத்தை வாயில் தண்ணீர்கூடப் படாது. நான் அந்த அளவுக்குக் கிடையாது, பசித்தால் எப்போது வேண்டுமானாலும் சாப்பிடுவேன். அத்தைக்கு அப்படி இல்லை. கடிகாரம் பார்க்க மாட்டார், கண்ணுக்குப் பொழுது தெரிய வேண்டும். போன தடவை இப்படி ராத்திரிச் சாப்பாடு தவறி, விடிகாலையில் சர்க்கரை இறங்கி, குளியலறையில் விழுந்து கிடந்தார். தூக்கியது நான்தான். அந்தப் பயம் எனக்கு இன்னும் போகவில்லை.

சாவியைத் திருப்பினேன். விளக்குகள் எரிந்தன, இன்ஜின் கம்மென்று இருந்தது. ரிமோட்டை அமுக்கினால் கார் ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஊளையிட்டது. நான்கு பேர் வந்து தள்ளிப் பார்த்தார்கள். ம்ஹூம். கைக்கடிகாரக் கடையில் ரிமோட்டுக்குப் பேட்டரி மாற்றினேன். அதற்கும் அசையவில்லை. பக்கத்து ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்த மெக்கானிக், டாஷ்போர்டில் மினுக்கிய சிவப்பு விளக்கைக் காட்டினார்.

"வண்டி மேல ஒண்ணும் தப்பில்லக்கா. இது கம்பெனி அலாரம் இல்ல, வெளிய போட்டது. அதான் ஸ்டார்ட் ஆவ வுடாம புடிச்சி வெச்சிருக்குது. எங்கியாவது ஒரு பட்டன ஒளிச்சி வெச்சிருப்பாங்க, அத அமுக்குனா வுட்டுடும். வயர அறுத்துத் தேடணும்னா நாளைக்கு ஆவும். போட்டவங்களயே கேட்டுடுங்க."

போட்டவர் யார்? அந்த மனுஷன்தான்.

என் கணவருக்கு அடித்தேன். கம்பெனியில் ஷிப்டு நேரத்தில் போன் லாக்கரில் இருக்கும் என்று தெரிந்தும் ஆறு முறை அடித்தேன். ஆட்டோவாவது பிடிக்கலாமென்றால் அன்று அமாவாசை. ஆட்டோ மொத்தமும் மேல்மலையனூர் கோயிலுக்குப் போயிருந்தது, பஸ்ஸில் படிக்கட்டு வரை ஜனம். வாழைப்பழம் வாங்கி வந்து அத்தையிடம் நீட்டினேன். "வூட்ல போயி கைகால் கழுவிட்டு சாப்டறன்" என்றார். சீட்டுக்கு அடியில், மிதியடிக்குக் கீழே என்று நானே பட்டனைத் தேடினேன். இருபது நிமிஷம் போயிற்று. அத்தை முன்சீட்டில் மடியில் பையை வைத்துக்கொண்டு வாயே திறக்கவில்லை. இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

திடீரென்று தெரு வெளிச்சம் மங்கியது. சூரியன் ராஜகிரிக் கோட்டை மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது.

"பொழுது பூடுச்சிம்மா. வுடு, நாளைக்கு சாப்டுக்கலாம்" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. என் வீம்புக்கு இவர் ஏன் பட்டினி கிடக்க வேண்டும்? "அத்தை, பெரிய மாமா நம்பர் சொல்லுங்க" என்றேன்.

அத்தை பத்து எண்களையும் ஓர் இடத்தில்கூடத் தடுமாறாமல் சொன்னார். அப்படியே அடித்தேன்.

"மாமா, நான்தான்."

"அம்மாக்கு இன்னா?" என்றார் எடுத்த எடுப்பில்.

"அம்மாக்கு ஒண்ணுமில்ல. கடைத்தெருவுல கார் ஸ்டார்ட் ஆவல. அலாரம்."

"அம்மா சாப்ட்டாங்களா?"

"இல்ல மாமா. பொழுது பூடுச்சின்றாங்க."

"அய்யோ, அங்க மலை மறைச்சிக்கும்மா! ஸ்கூல் வுட்டு சைக்கிள்ல வரும்போது நான் பாக்காத பொழுதா? கோட்டையத் தாண்டுங்க, அந்தாண்ட இன்னும் இருக்கும். ஸ்டியரிங்குக்குக் கீழ பியூஸ் டப்பா மூடியக் கழட்டு. இடது மூலையில கறுப்பா ஒரு பட்டன். சாவிய ஆன்ல வெச்சிட்டு அத அமுக்கியே புடி. கத்தும், பயப்படாத."

கத்தியது. பிறகு சிவப்பு விளக்கு அணைந்தது. சாவியைத் திருப்பினேன், இன்ஜின் உறுமியது. மெக்கானிக் கை தட்டினார்.

திருவண்ணாமலை ரோட்டில் கோட்டைச் சுவர்களுக்கு நடுவே ஓட்டினேன். மலையைச் சுற்றித் தாண்டியதும், வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு மேலே ஒரு முழ உயரத்தில் செக்கச் செவேலென்று நின்றது சூரியன். அத்தை கண்ணை இடுக்கிப் பார்த்தார்.

"ஓரமா நிறுத்து. வூடு போறதுக்குள்ள பூடும்."

பாட்டில் தண்ணீரில் கை கழுவிக்கொண்டு, சூரியனைப் பார்த்தபடி நாலு வாழைப்பழமும் சாப்பிட்டார், தண்ணீர் குடித்தார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. அவர்தான். எடுத்து அத்தை காதில் வைத்தேன்.

"சாப்ட்டன்டா" என்றார். பழத்தோலைப் பையில் போட்டுக்கொண்டே தொடர்ந்தார். "ஞாயித்துக்கெழம வந்து இந்தச் சனியன் புடிச்ச அலாரத்தக் கழட்டிட்டுப் போ. அவ எத்தினி நாளைக்கு இதோட மல்லுக்கட்டுவா?"

வருகிறேன் என்று அவர் சொல்லவில்லை. எதற்குக் காத்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. நான் போன் பக்கம் குனிந்தேன்.

"பொழுதோட வந்துடுங்க மாமா" என்றேன். "நம்ம வூட்லதான் சாப்பாடு."