செங்கல் எடுத்தவன் கை

இன்று காலை நண்பன் செல்வராசுவோடு சேத்தியாத்தோப்பிலிருந்து வெள்ளாற்றங்கரை வழியாக ரொம்ப தூரம் நடந்தேன். இருவருக்குமே எழுபது தாண்டிவிட்டது.

வயல் நடுவே இடிந்து கிடக்கும் சோழர் காலத்துச் செங்கல் கோயிலைப் பார்த்ததும் நின்றுவிட்டான். பாதிச் சுவரைக் காணோம்.

"பாரு மச்சான், எந்தத் திருட்டுப் பய பேத்துக்கினு போனானோ. எடுத்தவன் கை வெளங்காமப் போவணும்."



அறுபதுகளில் அந்தச் செங்கல்லை ஏற்றிப்போனது என் அப்பாவின் மாட்டு வண்டி. கொண்டுவரச் சொன்னவர் செல்வராசுவின் அப்பா. அதை வைத்துத்தான் வீடு கட்டினார். பிறகு வாதம் வந்து வலது கை செத்து, அந்த வீட்டுக்குள்ளேயே வருடக்கணக்கில் கிடந்து போய்ச்சேர்ந்தார்.

வண்டி ஓட்டிய என் அப்பாவுக்குக் கடைசிவரை கை நன்றாகத்தான் இருந்தது.

"இன்னாடா, பேச்சையே காணோம்?" என்றான்.

"மூச்சு வாங்குது."

திரும்பி வந்து, அவன் வீட்டுச் சுவரில் சாய்ந்தபடி காபி குடித்தேன். மனைவியிடமும் சொல்லி இன்னொரு முறை சாபம் விட்டான்.

நேரில் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அதனால்தான் இங்கே எழுதி, அவனை டேக் செய்திருக்கிறேன்.

கமெண்ட்டுக்கு வருவான். நீங்களாவது கொஞ்சம் இதமாகப் பேசுங்கள்.