இருபது அங்குல ஓட்டையும் பதினான்கு பேர் சாலட்டும்

மனிதன் பூமியில் தோன்றிய நாளிலிருந்து இன்றுவரை பச்சை இலையை வாயில் வைத்தவர்கள் கோடானுகோடிப் பேர் இருக்கலாம். ஆனால் ஒரு முட்டைக்கோஸ் இலையை வாய்க்குக் கொண்டுபோகும்போது வாலுவின் அப்பா காட்டுகிற முகத்தை எந்த ராஜாவும், எந்தச் சிங்கமும், தூக்குமேடை ஏறிய எந்தக் கைதியும் இதுவரை காட்டியதில்லை. அந்த முகத்தைப் படம் பிடித்து நாட்டு எல்லையில் மாட்டினால் போதும். படையெடுத்து வருகிறவன் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வந்த வழியே ஓடுவான்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வருஷ அனுபவம். கீழ்த்தளத்தில் நின்று சத்தத்தைக் கேட்டே ஏழாவது மாடிக் கதவில் எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அவருக்கு ஒரே ஒரு பைத்தியம்தான், அளப்பது. நேற்று அளந்த கதவை இன்றைக்கும் அளப்பார். கேட்டால், "நேத்து இருந்த மாதிரியே இன்னிக்கும் இருக்கும்னு கதவு உனக்கு எழுதிக் குடுத்துச்சா?" என்பார். ஒரே மகள் வாலு பிறந்தபோது, நர்ஸ் சொன்ன நீளத்தை நம்பாமல் இடுப்பிலிருந்த டேப்பை உருவி இன்னொரு முறை அளந்த மனிதர். அரை சென்டிமீட்டர் குறைந்ததாம். அந்த நர்ஸ் அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை என்பாள் அம்மா.

வேலையில் அவருக்குப் பெயர் ஓவர்லோடு. அவர் லிஃப்டுக்குள் கால் வைத்ததும், கூட வேலை செய்யும் சோடாபுட்டி, எடை மிஞ்சினால் லிஃப்ட் அடிக்கிற மாதிரி வாயாலேயே "பீப், பீப்" என்று கத்துவார். அப்பாவும் சிரிப்பார். அந்தப் பழைய பதினொரு மாடி அலுவலகக் கட்டடத்தில் மாட்டிக்கொள்கிறவரை சிரித்தார்.

அங்கே மோட்டார் அறைக்குப் போகச் சுவரோடு பதித்த இரும்பு ஏணிதான் வழி. ஏணி முடிகிற இடத்தில் கூரையில் ஒரு ஓட்டை, இரும்புச் சட்டம் அடித்தது, இருபது அங்குலத்துக்கு இருபது. அதில் அவர் சிக்கினார். தலையும் தோளும் மோட்டார் அறையில், மிச்சமெல்லாம் பதினொன்றாம் மாடியில். சோடாபுட்டி அவருடைய வயிற்றைச் சுற்றிக் கறுப்புக் கிரீஸை அள்ளி அப்பி, இரண்டு காலையும் பிடித்துத் தொங்கி, நாற்பது நிமிஷம் கழித்து அவரை உருவி எடுத்தார். அந்த நாற்பது நிமிஷமும் ஐந்தாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் நடுவில் ஒரு அம்மாள் லிஃப்டுக்குள் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

சூப்பர்வைசர் மறுநாள் கூப்பிட்டார். "ஆறு வாரம் டைம். பெல்ட் கட்டிக்கிட்டு, டூல் பையோட, பாதுகாப்பு ஆபீசர் முன்னாடி அதே ஓட்டையில ஏறிக் காட்டணும். இல்லேன்னா போன் ரூம்."

"சார், ஓட்டைய ஒரு ரெண்டு இன்ச்..."

"யோவ், கட்டடத்தை இடிக்கிறதா, உன் தொப்பைய இடிக்கிறதா? எது செலவு கம்மி?"

போன் ரூம் என்பது ஜன்னல் இல்லாத ஒரு அறை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, லிஃப்டில் சிக்கியவர்களிடம் "பயப்படாதீங்க, ஆள் வந்துக்கிட்டிருக்கு" என்று நாள் பூராவும் சொல்ல வேண்டும். அப்பா அன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து சொன்னார்: "பயப்படாதேன்னு எந்த மூதேவி வேணாலும் போன்ல சொல்லலாம். உள்ள இருக்கறவங்களுக்கு, தலைக்கு மேல நம்ம கால் சத்தம் கேட்டாத்தான் உசுரு வரும்." சொல்லிவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். அவர் தட்டைத் தள்ளி வைத்து வாலு அதுவரை பார்த்ததில்லை.

அடுத்த திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கு, தொப்பையைக் கரைக்க, பூட்கேம்ப் என்கிற உடற்பயிற்சிக் கூட்டத்தில் சேர்ந்தார்.

பூட்கேம்ப் என்றால் ஏதோ ராணுவம் என்று நினைக்க வேண்டாம். மூடிக் கிடக்கும் ஒரு பெரிய கடையின் பின்னால், வண்டிகள் நிறுத்துகிற தரை. அங்கே பதினான்கு பேர், ஒரு லாரி டயர், மூன்று கயிறு, மடித்து மடித்து விரித்த பத்துப் பாய். பாய்களை யாரும் கழுவுவதில்லை. நேற்று எவனோ சிந்திய வியர்வையின் மேல் இன்று நம் கன்னத்தை வைத்துப் படுத்து எழ வேண்டும். டயருக்குள் மழைத்தண்ணீர் தேங்கி, கொசுப்புழு நெளிந்துகொண்டிருக்கும். புரட்டினால் அந்தத் தண்ணீர் புரட்டுகிறவன் காலில்தான் கொட்டும். இதற்கெல்லாம் தலைவி, எலும்பும் நரம்புமாக ஒரு பெண். விசிலை வாயிலிருந்து எடுத்து யாரும் பார்த்ததில்லை என்பதால் அவளுக்குப் பெயரே விசில்.

அந்தக் கூட்டத்தில் ஒரு சட்டம் இருந்தது. கடைசி ஓட்டத்தில் எவர் கடைசியாக வருகிறாரோ, அவர் மறுநாள் பதினான்கு பேருக்கும் வீட்டிலேயே செய்த சாலட் கொண்டுவர வேண்டும். கடையில் வாங்கியது கூடாது. எண்ணெய் மூன்று ஸ்பூனுக்கு மேல் கூடாது. முதல் நாள் அப்பாதான் கடைசி. இரண்டாம் நாளும். மூன்றாம் வாரத்தில் அந்தச் சட்டத்தையே எல்லாரும் மறந்துவிட்டு, சாலட் கொண்டுவருவது அப்பாவின் உத்தியோகம் என்று நம்ப ஆரம்பித்தார்கள்.

வீடு நாறியது. சும்மா சொல்லவில்லை, உண்மையாகவே நாறியது. பாத்திரம் எதுவும் போதாமல், துணி அலசுகிற நீல பேசினில் அம்மா சாலட்டைக் கலந்தாள்.

"அம்மா, நேத்து இதுல அப்பாவோட சாக்ஸ் ஊறிச்சு."

"கழுவிட்டேன்டி."

"எத?"

"வாய மூடிட்டு வெள்ளரிக்காய வெட்டு."

லெட்டூஸ் இலைகள் ஈர நாக்குகள் மாதிரி ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிக் கிடந்தன. பீட்ரூட் சாறு இறங்கி எல்லாவற்றையும் அறுவைச் சிகிச்சை அறைக் குப்பைத்தொட்டி ஆக்கியது. சியா விதையை ஊறவைத்தால் அது தவளை முட்டைதான், வேறு எதுவும் இல்லை. மிஞ்சியது அத்தனையும் வீட்டில் இருக்கும் மூன்று பேருக்கு. அப்பா மூச்சை அடக்கி, கண்ணை மூடி, மருந்து விழுங்குகிற குழந்தை மாதிரி விழுங்குவார். ஒவ்வொரு வாய்க்கும் அந்த முகம். வாலு மேஜைக்கு அடியில் தொடையைக் கிள்ளிக்கொண்டு சிரிப்பை அடக்குவாள்.

பழிவாங்கவும் பார்த்தாள். ஒரு நாள் விளையாட்டுக் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் கம்பளிப்புழுவை பூட்கேம்ப் சாலட்டுக்குள் சொருகி அனுப்பினாள். அலறல் சத்தம் ஊருக்கே கேட்கும் என்று காத்திருந்தாள். அப்பா திரும்பி வந்து சொன்னது வேறு. புழு கிடைத்தது, கூட ஓடுகிற ஒரு பல் டாக்டருக்காம். அவர் அதை உயரத் தூக்கிப் பிடித்து, "பாருங்க, புழு இருந்தா மருந்தடிக்காத காய்னு அர்த்தம்! இவரைப் பாத்துக் கத்துக்கங்க" என்றாராம். பிறகு பத்திரமாகக் கொண்டுபோய்ப் புல்லில் விட்டாராம். பதின்மூன்று பேரும் கை தட்டினார்களாம். அப்பா அதைச் சொல்லிவிட்டு வாலுவை ஒரு மாதிரி பார்த்தார். அவள் ஷூ லேஸைக் கட்டுகிற சாக்கில் குனிந்துகொண்டாள்.

இதற்கிடையில் அப்பா பின்னறை வாசற்காலில் நாலு பலகையைத் திருகாணி போட்டு முடுக்கி ஒரு சட்டம் செய்திருந்தார். சரியாக இருபதுக்கு இருபது. இந்தப் பக்கம் ஒரு முக்காலி, அந்தப் பக்கம் ஒரு முக்காலி. தினமும் சாயங்காலம் டூல் பையோடு அதில் நுழைந்து பார்ப்பார். தலை போகும். தோள் போகும். அப்புறம் நிற்கும்.

"ஏங்க, பலகை உடைஞ்சிரப் போவுது," என்பாள் அம்மா.

"என் மனசு உடையறது உனக்குத் தெரியல, பலகையப் பத்திப் பேசற."

நான்காவது வாரம் ஒரு காலை. எலுமிச்சைச் சாற்றுப் புட்டியை அப்பா மறந்துவிட்டுப் போனார். வாலு அதை எடுத்துக்கொண்டு பூட்கேம்ப்புக்குப் போனாள். கிண்டல் பண்ண நல்ல சரக்கு கிடைக்கும் என்றுதான் போனாள். எல்லோரும் ஓடி முடித்து, பேசினைச் சுற்றி நின்று, வியர்த்த கையாலேயே சாலட்டை அள்ளித் தின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு நேராக லெட்டூஸில் விழுந்ததை அவள் கண்ணால் பார்த்தாள். வேறு பக்கம் பார்த்தாள். தூரத்தில் அப்பா மட்டும் கையையும் முழங்காலையும் ஊன்றி இன்னும் தவழ்ந்துகொண்டிருந்தார். டயர்த் தண்ணீர் சட்டையெல்லாம். முழங்கையில் ரத்தம். யாரும் அவருக்காகக் காத்திருக்கவில்லை. விசில்கூடத் திரும்பிக்கொண்டாள். அவர் பாட்டுக்கு வந்துகொண்டிருந்தார், ஒரு பாய், அடுத்த பாய்.

வாலு புட்டியைச் சுவரோரம் வைத்துவிட்டு, அவர் பார்ப்பதற்குள் ஓடிவந்துவிட்டாள்.

அன்று சாயங்காலமும் சட்டத்தில் வயிறு நின்றது. அப்பா முக்காலியில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டார். "ஏய் வாலு, ஹெட்போன்ல வலது, இடதுன்னு தனியா உண்டா? இல்ல எப்படி வேணா மாட்டிக்கலாமா?"

அவள் சட்டத்தின் இடது பலகையை விரலால் தடவிப் பார்த்தாள்.

மறுநாள் அவர் பூட்கேம்ப்புக்குப் போனதும், பழைய பெட்டியிலிருந்து அரத்தை எடுத்தாள். சட்டத்தின் இடது பலகையில் உள்விளிம்பை ஒரு மில்லிமீட்டர் தேய்த்தாள். தூளை ஊதினாள். அம்மாவின் முகப்பவுடரில் கொஞ்சம் காப்பித்தூள் கலந்து தேய்த்த இடத்தில் பூசினாள். அன்று சாயங்காலம் அப்பா கொஞ்சம் கூடுதலாக உள்ளே போனார். "அடியே, இங்க வந்து பாரு!" என்று அம்மாவைக் கூப்பிட்டார். அந்த முகத்துக்காக மறுநாளும் தேய்த்தாள். அதற்கு மறுநாளும். ஒன்பதாம் நாள் அவர் இடுப்புவரை போனார். பதினொன்றாம் நாள், பரீட்சைக்கு முந்தின சாயங்காலம், டூல் பையோடு முழுசாக நுழைந்து அந்தப் பக்கம் போய் விழுந்தார். மூவரும் கத்தியதில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து கதவைத் தட்டினார்கள்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. பலகையைத்தான் தேய்த்தோம். அந்த இரும்பை யார் தேய்த்தது?

பதினொரு நாள், பதினொரு மில்லிமீட்டர். ஆபீசர் பார்க்க, சூப்பர்வைசர் பார்க்க, அப்பா மறுபடியும் தொங்கப்போகிறார். மறுபடியும் கிரீஸ். அப்புறம் ஜன்னல் இல்லாத அறை. அதுவும் அவளால். தலைவலி என்று வாத்தியாரிடம் சொல்லிவிட்டு அந்த அலுவலகக் கட்டடத்துக்கு ஓடினாள். லிஃப்டை வேலைக்காக நிறுத்திவைத்திருந்தார்கள். பதினொரு மாடியும் படியேறினாள். அப்பாவிடம் விஷயத்தைச் சொல்லி, இன்னும் ஒரு வாரம் டைம் கேட்கச் சொல்ல வேண்டும். மேலே போய்ச் சேர்ந்தபோது வாயைத் திறந்தால் மூச்சுதான் வந்தது. அப்பாவின் தலையும் தோளும் ஏற்கெனவே கூரைக்குள் போயிருந்தன.

வயிறு இரும்பைத் தொட்டது. நின்றது. ஆபீசர் கையிலிருந்த பேனா காகிதத்துக்கு மேல் நின்றது. சோடாபுட்டி கிரீஸ் டப்பாவை முதுகுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தார். அப்பா மூச்சு முழுவதையும் வெளியே விட்டது கீழே கேட்டது. பெல்ட் கொக்கி சட்டத்தில் 'கிர்' என்று உரசியது. பிறகு இடுப்பு, தொடை, கால், கடைசியாகத் தேய்ந்துபோன ஷூ, எல்லாம் மேலே போய்விட்டன. கூரைக்கு மேல் அவர் கால் சத்தம் கேட்டது. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் வேண்டுமென்றே நடந்துகொண்டிருந்தார்.

"பீப் அடிக்கலியே!" என்று சோடாபுட்டி கத்திவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஆபீசர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன பிறகு அப்பா இறங்கி வந்தார். வாலுவைப் பார்த்தார்.

"ஸ்கூலு?"

"தலைவலி."

"தலைவலிக்கு பதினோரு மாடி ஏறச் சொன்னாங்களா?" சட்டைப் பையில் கைவிட்டு எதையோ எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். சின்னச் சின்ன இரும்புத் தகடுகள். லிஃப்டின் தண்டவாளம் நூல் பிசகாமல் நிற்க, பின்னால் சொருகுகிற தகடு. மெக்கானிக்குகள் ஷிம் என்பார்கள். "எண்ணு."

பதினொன்று இருந்தன.

"ஒவ்வொண்ணும் ஒரு மில்லிமீட்டர். நீ இடது பலகைய தேய்க்கத் தேய்க்க, நான் வலது பலகைக்குப் பின்னாடி ஒண்ணு சொருகிட்டே வந்தேன். இருபது கடைசி வரைக்கும் இருபதுதான்."

"நான் இல்ல. அம்மாவா இருக்கும்."

"தேய்ச்சது சரிஞ்சிருக்கு. இடது கையால தேய்ச்சாத்தான் அப்படிச் சரியும். நம்ம வீட்ல இடது கை யாருக்கு?"

வாலு இடது கையைப் பின்னால் கொண்டுபோனாள். "அப்புறம் ஏன்பா அன்னிக்கே சொல்லல?"

"சொன்னா அழுவ. அழுதா உன் மூஞ்சி பீட்ரூட்ட விடக் கேவலமா இருக்கும்." டூல் பையைத் திறந்து ஒரு டப்பாவை எடுத்தார். காலையில் மிஞ்சிய சாலட். வெயிலில் இருந்து வதங்கி, தண்ணீர் விட்டு, முட்டைக்கோஸ் ஈரத்துணி வாசம் அடித்தது. "படியேறி வந்தது பசிக்கும். சாப்பிடு."

"ஐயோ, வேணாம்பா."

"சாப்பிடு. நாப்பது நாள் நான் தின்னிருக்கேன்."

அவள் ஓர் இலையை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனாள். அப்பா சோடாபுட்டியின் தோளைத் தட்டி அவளைக் காட்டினார்.

"பாருய்யா. என் மூஞ்சியப் பத்தி, எந்த ராஜாவும் காட்டினதில்ல, எந்தச் சிங்கமும் காட்டினதில்லன்னு கணக்கு நோட்டோட பின்பக்கத்துல எழுதி வெச்சிருக்கா. நான் படிக்க மாட்டேன்னு நெனப்பு. ஏண்டி, இப்ப நீ காட்டுறியே, இது யாரு மூஞ்சி?"